தத்துப்பூச்சிக்கு ஒரு பெயர்

என் மனைவி புனிதாவின் வேலை பூச்சிகளுக்குப் பெயர் வைப்பது. இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். கல்யாணமான புதிதில் நானும் சிரித்தேன். அவள் முறைத்த முறைப்பில் நிறுத்திக்கொண்டேன். கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இருக்கிறாள். தத்துப்பூச்சிகள்தான் அவள் துறை. இலைக்கு அடியில் உட்கார்ந்து சாறு குடிக்கும். கையைக் கொண்டுபோனால் பக்கவாட்டில் நகர்ந்து, துள்ளி, காணாமல் போய்விடும். அரிசிமணியில் பாதிகூட இருக்காது. அவற்றில் இதுவரை யாரும் எழுதிவைக்காத ஓர் இனம் அகப்பட்டால், அதைத் தலை முதல் வால் வரை வருணித்து, படம் வரைந்து, பெயர் சூட்டி ஆய்விதழில் வெளியிட வேண்டும். அப்படி வெளிவந்தால்தான் அந்த இனம் உலகத்தின் கணக்கில் சேரும். அதுவரை அது இருந்தும் இல்லாததுதான்.

நான் குகன். கிள்ளானில் சவுண்ட் சிஸ்டம் வாடகைக்கு விடுகிறேன். கோயில் திருவிழா, கல்யாணம், பள்ளி விளையாட்டுப் போட்டி, அரசியல் கூட்டம், எதுவானாலும் என் லோரி போய் நிற்கும். நாலு தெருவுக்குக் கேட்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. அவளுக்கோ மூச்சுவிட்டாலே ஓடிப்போகிற பூச்சி. எங்களுக்குப் பொருத்தம் பார்த்த ஜோசியரைத்தான் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவளிடம் அடிக்கடி சொல்வேன். அவர் செத்துப்போய் நாளாச்சு, தப்பிச்சிட்டார் என்பாள்.

போன வருடம் கேரி தீவுக்குப் போயிருந்தோம். என் பெரியம்மா மகள் கண்ணம்மா அக்கா அங்கே பாமாயில் எடுக்கிற செம்பனைத் தோட்டத்து வீடு ஒன்றில் இருக்கிறார். பொழுது சாயும் நேரம் அவர் வீட்டு வாசலில் புனிதா ஒரு வெள்ளைத் துணியைக் கட்டி, அதற்கு முன்னால் விளக்கைப் போட்டாள். வெளிச்சத்துக்கு வந்து துணியில் ஒட்டுகிற பூச்சிகளைக் குப்பியில் பிடிப்பாள். அக்கா வெளியே வந்து பார்த்துவிட்டு, படம் ஏதும் போடப் போகிறோமா என்று என்னைக் கேட்டார். பூச்சி பிடிக்கிறோம் என்றதும், இதற்கும் சம்பளம் கொடுக்கிறார்களா என்று மூக்கில் விரலை வைத்தார். அன்றைக்கு வந்து ஒட்டியவற்றில் மஞ்சள் கலந்த பச்சையில், தலையில் ஒரு கறுப்புப் பொட்டோடு ஒரே ஒரு தத்துப்பூச்சி இருந்தது. புனிதா அதைக் குப்பியில் போட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

இந்தப் பூச்சிகளில் வெளித்தோற்றத்தை நம்ப முடியாதாம். பத்து இனங்கள் ஒரே அச்சாக இருக்குமாம். ஆண்பூச்சியின் அடிவயிற்றைத் தனியே எடுத்து, காஸ்டிக் கரைசலில் ஊறவைத்து, சதையெல்லாம் கரைந்த பிறகு மிஞ்சுகிற ஆணுறுப்பின் வடிவத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் இது இன்னது என்று சொல்ல முடியும். ஒவ்வோர் இனத்துக்கும் அது வேறு வேறு. பெண்பூச்சி மட்டும் கிடைத்தால் கைகட்டி உட்கார வேண்டியதுதான். கல்யாணத் தரகர்கூட மாப்பிள்ளையை இப்படிச் சோதிக்க மாட்டார் என்று நான் சொன்னபோது அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள்.

ஒரு மாதம் கழித்து, மேருவில் சாமான்கள் வைக்கிற என் ஸ்டோரில் நான் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவளிடமிருந்து போன் வந்தது.

"புதுசுங்க," என்றாள். "யாரும் எழுதல. எல்லாம் தேடிப் பாத்துட்டேன். புதுசுதான்."

அவள் குரலில் அப்படி ஒரு சந்தோஷத்தைக் கேட்டு வருடக்கணக்காகிவிட்டது. பெரிய ஆள் லா நீ என்று ஏதோ சொன்னேன். போனை வைத்த பிறகுதான் எனக்கு அடுத்த எண்ணம் வந்தது. இனி அவள் அதற்கு ஒரு பெயர் வைத்தாக வேண்டும். அங்கேயே ஒரு பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

சில வருடங்களுக்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகள் பிறந்தாள். எங்கள் குடும்பத்தில் குழந்தைக்கு முப்பதாம் நாள்தான் பெயர் வைப்பது. அன்றைக்குத் தொட்டிலில் போட்டு, அத்தைக்காரி குழந்தையின் காதில் பெயரை மூன்று முறை சொல்ல வேண்டும். அதுவரை யாரும் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூடாது, சொன்னால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். அதுவரை எந்தக் குழந்தையும் பாப்பாதான். வயிற்றில் இருக்கும்போதே புனிதா பெயரைத் தேர்ந்தெடுத்துவிட்டாள். நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன். அன்னைக்கு எல்லாரோடயும் சேர்ந்து கேட்டுக்குங்க என்று சிரித்துவிட்டாள். காதில் சொல்ல வேண்டிய என் அக்கா சீதாலெட்சுமிக்கும் அதே பதில்தான். பாப்பா நாள் நிறையும் முன்னே பிறந்தாள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தாள். முப்பதாம் நாள் வரைக்கும் இருக்கவில்லை. காலில் கட்டியிருந்த பட்டையில் "புனிதாவின் குழந்தை" என்றுதான் எழுதியிருந்தது. அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தோம்.

என் மகளின் பெயர் எனக்குத் தெரியாது. சொல்வதற்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை. அந்தப் பெயர் புனிதாவுக்கு மட்டும் தெரியும். ஆரம்பத்தில் அவள் இருந்த நிலையில் கேட்க வாய் வரவில்லை. பிறகு அவள் எழுந்து நடமாடி, வேலைக்குப் போய், சிரிக்கத் தொடங்கியபோது, கேட்டு அதைக் கெடுத்துவிடுவேனோ என்று பயமாக இருந்தது. இப்படியே வருடங்கள் ஓடிவிட்டன. பாப்பா பிறந்த நாளில் கோயிலில் அன்னதானம் கொடுப்பேன். உபயம் இன்னார், இன்னாரின் நினைவாக என்று மைக்கில் சொல்வார்கள். மற்றவர்களுக்குப் பெயரோடு சொல்வார்கள். எனக்கு மட்டும் "ஒரு குழந்தையின் நினைவாக" என்று போகும். அந்த மைக் என்னுடையதுதான். வாரம் தவறாமல் யாருடைய பிள்ளைக்காவது பெயர் சூட்டு விழா, முதல் பிறந்தநாள் என்று மண்டபத்தில் ஸ்பீக்கர் கட்டுகிறேன். அடுத்தவர் பிள்ளைகளின் பெயரை ஊருக்கெல்லாம் கேட்க வைத்துவிட்டு வீட்டுக்கு வருவேன். அந்த நாட்களில் எனக்குக் காரணமில்லாமல் கோபம் வரும். டிராபிக்கில் யார் மீதாவது ஹாரனை அழுத்தித் தீர்த்துக்கொள்வேன்.

புனிதாவின் பேராசிரியர் ஒருவர் ஒரு வண்டுக்குத் தன் மகள் பெயரை வைத்திருக்கிறார். அவளே ஒருமுறை சொல்லியிருக்கிறாள். அதனால் எனக்குச் சந்தேகமே இல்லை. இந்தப் பூச்சிக்குப் பாப்பாவின் பெயரைத்தான் வைப்பாள். நான் கேட்க வேண்டியதில்லை, அவளும் சொல்ல வேண்டியதில்லை. கட்டுரை வெளிவந்தால் தெரிந்துவிடும். எனக்கு அந்தப் பெயர் வேண்டும். அதற்காக எத்தனை பூச்சி வேண்டுமானாலும் பிடித்துத் தரத் தயாராக இருந்தேன்.

பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. அவள் அனுப்பிய கட்டுரையைப் படித்துப் பார்த்த வெளிநாட்டு ஆய்வாளர் ஒருவர், யாரென்று பெயர் சொல்ல மாட்டார்களாம், ஒரே ஓர் ஆண்பூச்சியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதிவிட்டார். ஏற்கெனவே தெரிந்த இனத்தில் ஊனமாகப் பிறந்த ஒன்றாகவும் இருக்கலாம். இன்னும் சில ஆண்களும், அவற்றுக்கு உரிய பெண்ணும் வேண்டும் என்றார். எனக்கு அந்த மனிதர் மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவருக்கு என்ன தெரியும், நான் பேசட்டுமா என்று குதித்தேன். அவர் சொல்வது சரிதான் என்றாள் புனிதா.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வந்தால் கேரி தீவு. விளக்குக்கு அந்தப் பூச்சி மறுபடி வரவே இல்லை. எந்தச் செடியில் குடியிருக்கிறது என்று தேடி, செம்பனைகளுக்கு அப்பால், வாய்க்கால் ஓரமாகச் சேற்றில் நிற்கிற பூவரசு மரங்களில் வலையை வீசினாள். பச்சைப் பச்சையாக நிறைய விழுந்தன. பெரும்பாலும் பெண்கள். அதிலே எது அந்த ஆணுக்கு உரியவள், எது வேறு இனத்துக்காரி என்று பார்த்துச் சொல்ல யாராலும் முடியாது. கொசுக்கடிதான் மிச்சம். கண்ணம்மா அக்கா எங்களுக்காக மீன்குழம்பு வைத்துவிட்டு, சேற்றில் நிற்கிற எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

அப்படி ஒரு நாள் கரையில் உட்கார்ந்திருந்தபோதுதான் அவள் சொன்னாள், இந்தப் பூச்சிகள் பேசும் என்று. காற்றில் அல்ல. ஆண் வயிற்றை அதிர வைக்கும். அந்த அதிர்வு காம்பு வழியாக, கிளை வழியாகப் போகும். அதே செடியில் தன் இனத்துப் பெண் இருந்தால் காலாலே அதைக் கேட்டுவிட்டுப் பதில் அதிர்வு கொடுக்கும். வேறு இனத்துக்காரி வாயைத் திறக்க மாட்டாள். இரண்டும் மாறி மாறிப் பேசிக்கொண்டே ஒன்றையொன்று தேடி வந்து சேரும். பக்கத்தில் நிற்கிற நமக்கு ஒன்றுமே கேட்காது.

"அப்ப அத நாம கேட்டா?" என்றேன்.

"கேட்டா ஜோடியக் கண்டுபுடிச்சிடலாம். அதுக்கான மிஷின் விலை உங்க லோரியவிட ஜாஸ்தி. எங்க டிபார்ட்மென்ட்ல இல்ல."

சத்தம் என்று வந்துவிட்டால் எனக்குச் சும்மா இருக்க வராது. கச்சேரியில் வீணைமேல் ஒட்டி அதன் அதிர்வைப் பிடிக்கிற பிக்அப் ஒன்றை எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் போனேன். அது பூவரசுக் காம்புக்குப் பாரமாகி, இலை தொங்கிவிட்டது. அந்தக் காலத்தில் முதன்முதலாக இந்தச் சத்தத்தைக் கேட்டவர்களில் சிலர் ரெக்கார்ட் பிளேயர் ஊசியை வைத்துத்தான் கேட்டார்கள் என்று புனிதா எங்கோ படித்திருந்தாள். மேரு ஸ்டோரில் குப்பைக்குப் போகாமல் கிடந்த பழைய ரெக்கார்ட் பிளேயரிலிருந்து ஊசித் தலையைக் கழற்றி, ஒரு கம்பியில் கட்டி, ஊசிமுனை காம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும்படி செய்துகொடுத்தேன். பேட்டரியில் ஓடுகிற சின்ன மிக்சர், இரண்டு ஹெட்போன். முதல் நாள், கேட்கவில்லையே என்று, சத்தத்தைக் கூட்டுகிற கெயினை ஒரேயடியாகத் திருப்பினேன். அந்த நேரம் பார்த்து ஒரு கட்டெறும்பு காம்பில் ஏறியது. பட்டாளமே பூட்ஸ் காலோடு தலைக்குள் நடந்தது போல இருந்தது. புனிதா ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை இங்கே எழுத முடியாது.

பிறகு அவள் சொன்னபடி கேட்டேன். கிளை கிளையாக ஊசியை வைப்போம், பேசாமல் உட்கார்ந்திருப்போம். காற்று, எறும்பு, தூரத்தில் போகும் லோரி, என் சட்டை உரசும் சத்தம். பேச்சே இல்லாமல் நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் அருகருகே உட்கார்ந்தது கல்யாணமான பிறகு அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் மரத்துப்போகும். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு, வாயை லேசாகத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். வயதாகிவிட்டது இருவருக்கும் என்று தோன்றும். அழகாகத்தான் இருந்தாள்.

மழைக்கு முந்திய ஒரு மதியம், காற்று அடங்கியிருந்தது. அடியிலிருந்து எழும்புவது போல ஒரு உறுமல் கேட்டது. அதைத் தொடர்ந்து மூன்று தட்டு. ஒரு இடைவெளி. மறுபடி உறுமல், மூன்று தட்டு, இடைவெளி. நான் மிக்சரைத் தொடப் போனேன். புனிதா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்த இடைவெளியில், மெல்லிசாக, தாழ்ந்த சுருதியில் வேறு ஒரு குரல் வந்தது. உறுமல், மூன்று தட்டு, உடனே அந்தக் குரல். தாளம் தப்பவே இல்லை. எத்தனையோ பெரிய வித்வான்களுக்கு மைக் வைத்திருக்கிறேன். இப்படிக் காத்திருந்து, சரியான இடத்தில் பதில் சொன்னதை நான் கேட்டதில்லை.

"பதில் சொல்றாங்க," என்று அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். கண்களில் தண்ணீர் நின்றது. எனக்கும்தான். ஒரு பூச்சிக்காக அழுகிற ஆளா நான் என்று வெட்கமாகவும் இருந்தது.

இலைகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்து, கறுப்புப் பொட்டு வைத்த ஆணைக் கண்டுபிடித்தாள். அது நாலு அடி நடக்கும், நின்று கூப்பிடும், பதிலைக் கேட்டுவிட்டு மறுபடி நடக்கும். இரண்டு இலை தள்ளி அடிப்பக்கத்தில் பெண் இருந்தது. புனிதா குப்பியை எடுத்தாள். நான் அவள் கையைத் தடுத்தேன்.

"விட்டுடேன். பாவம் லா."

"ரெண்டையும் எடுக்கணும்ங்க. எடுக்காட்டி பேர் கெடையாது." கொஞ்ச நேரம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "சேர்ந்து முடிக்கட்டும். அதுவரைக்கும் இருப்போம்."

இருந்தோம். அதன் பிறகுதான் எடுத்தாள். அந்த மரத்திலேயே அடுத்தடுத்த வாரங்களில் இன்னும் சில ஆண்களும் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் அதே பொட்டு, உள்ளே அதே வடிவம். ஊனமாகப் பிறந்ததெல்லாம் இல்லை, உண்மையாகவே புது இனம்தான்.

ஜோடியைப் பிடித்த அன்று லோரியில் திரும்பி வரும்போது அவள் மடியில் குப்பி இருந்தது. பெயரை ஓர் இனத்துக்கு வைக்கிறோம் என்றாலும், அதைக் குறிப்பிட்ட ஒரு பூச்சியோடுதான் கட்டுவார்களாம். அந்த ஒன்றை ஊசியில் குத்தி அருங்காட்சியகத்தில் வைத்துவிடுவார்கள். நூறு வருடம் கழித்து யாருக்காவது சந்தேகம் வந்தாலும் அதை எடுத்துத்தான் பார்ப்பார்கள். பெயர் செத்ததுக்குத்தான் ஒட்டும் என்று அவள் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னாள். எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நம்ம பாப்பாவுக்கு என்ன பேர் வச்சிருந்த என்று கேட்டுவிடலாம், ஐந்தாறு சொற்கள்தான். ஏர்கான் அதிகமா இருக்கா, குறைக்கவா என்று கேட்டேன். பரவாயில்லை என்றாள்.

ஆய்விதழ்க்காரர்கள் கட்டுரையை ஏற்றுக்கொண்டார்கள். எப்போது வரும் என்று நான் அவளைத் துளைத்தெடுத்தேன். உங்களுக்கு எப்பவிருந்து ஆராய்ச்சி ஆசை என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

தீபாவளிக்கு முன்னால் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கடைகள் போட்டிருந்தார்கள். அங்கே மேடைக்கு என் சிஸ்டம்தான். மாலையில் எல்லாவற்றையும் பொருத்தி, மைக் சோதித்துவிட்டு லோரிக்கு வந்து உட்கார்ந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. அருகிலுள்ள சென்ட்ரல் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கிய புனிதா, ஒரு பொட்டலம் வடையோடு நடந்து வந்து பக்கத்து சீட்டில் ஏறினாள். கைகளைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"வந்துடுச்சு," என்று என்னிடம் நீட்டினாள்.

மேலே பூச்சியின் படம். பொட்டு பளிச்சென்று தெரிந்தது. அதற்குக் கீழே சாய்ந்த எழுத்தில் பெயர். என் கண் அதில் போய் நின்றது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். லங்காட்டென்சிஸ்.

"என்ன இது?"

"லங்காட் ஆறுதாங்க. கேரி தீவச் சுத்தி அதுதானே ஓடுது. ஊர் பேர் வைக்கறது வழக்கம்."

எனக்குக் கோபம் குபுகுபுவென்று வந்தது. ரோட்டு போர்டில் போடுகிற பெயரைப் பூச்சிக்கு வைக்கவா இத்தனை ஞாயிற்றுக்கிழமை சேற்றில் நின்றோம் என்று கத்தினேன். இதற்கா நான் ஒரு வருடம் காத்திருந்தேன் என்றேன். பாதையில் போன ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார்.

புனிதா கோபப்படவில்லை. "நீங்க எதுக்குக் காத்திருந்தீங்க?" என்று கேட்டாள்.

வடைப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "பாப்பா பேர வைப்பேன்னு நெனச்சேன்."

கண்ணாடியில் மழைத்துளிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவள் போனை என்னிடமிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு பாடம் விளக்குவது போலத்தான் ஆரம்பித்தாள். நாளைக்கே யாராவது ஒரு பழைய பெட்டியைத் திறந்து, இதே பூச்சிக்கு எப்போதோ ஒருவர் பெயர் வைத்துவிட்டார் என்று காட்டினால், அந்தப் பழைய பெயர்தான் நிற்கும். புனிதா வைத்தது செத்துவிடும். மூழ்கிவிட்டது என்றுதான் அவர்கள் பேச்சில் சொல்வார்களாம். அவள் வைத்ததில் இரண்டு ஏற்கெனவே அப்படி மூழ்கிவிட்டன.

"எவனோ வந்து அடிச்சிட்டுப் போற எடத்துல அவ பேர எப்படிங்க வைப்பேன்?" என்றாள். "அது நம்ம புள்ள."

"எனக்காவது சொல்லியிருக்கலாமே."

"நீங்க கேக்கவே இல்லையே."

"கேட்டா நீ தாங்கமாட்டேன்னு இருந்தேன்."

"நான் நீங்க மறந்துட்டீங்கன்னு இருந்தேன்," என்றாள். உதடு கோணியது. "இல்ல. அது பொய். நீங்க கேட்டுடுவீங்களோன்னு பயந்துக்கிட்டுத்தான் இருந்தேன். நான் ஒரு காரியம் பண்ணிட்டேங்க."

ஆஸ்பத்திரியில் ஒரு காலை, நான் அவளுக்குத் துணி எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தேனாம். நர்ஸ் கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை உள்ளே விடச் சொன்னாளாம். புனிதா முதலில் பாப்பா பாப்பா என்று கூப்பிட்டுப் பார்த்தாளாம். அந்த வார்டில் இருந்த எல்லாக் குழந்தைகளையும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

"எந்தப் பாப்பாவ கூப்பிடறேன்னு அவளுக்கு எப்படித் தெரியும்? பேரச் சொல்லிட்டேன். நாள் வர்ற வரைக்கும் இருக்க முடியல. குனிஞ்சு அவ பேரச் சொல்லிக் கூப்பிட்டுட்டேன். மறுநாள் போயிட்டா." முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்தாள். "அப்படியெல்லாம் ஒன்னும் இல்லன்னு எனக்குத் தெரியும். நான் படிச்சவ. ஆனாலும் அந்த நாளைக்கு முன்னாடி சொன்னதாலதான் போயிட்டாளோன்னு இன்னைக்கு வரைக்கும் இருக்கு. உங்ககிட்ட, சீதாலெட்சுமி அக்காகிட்ட எல்லாம் எந்த மூஞ்சியோட சொல்றது?"

எனக்கு அவள் மேல் கோபம் வரும் என்று நினைத்திருக்கிறாள். இந்தப் படித்த பைத்தியத்தை என்ன செய்வது? அவள் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். என் மகள் யாரும் கூப்பிடாமலே போய்விட்டாள் என்றுதான் நான் இத்தனை வருடமும் வெந்துகொண்டிருந்தேன். மண்டபத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயர் ஒலிக்கும்போதும் அதுதான் என்னை அறுத்தது. கூப்பிட்டிருக்கிறாள். பெற்றவள் வாயால், பெயர் சொல்லி, அவளை மட்டும் கூப்பிட்டிருக்கிறாள். அழுதுகொண்டே சந்தோஷப்படுவது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

"அவளுக்குக் கேட்டுச்சா?" என்றேன்.

"கேட்டுச்சு. என் விரலப் புடிச்சா. ரொம்ப நேரம் விடல."

மேடைப்பக்கமிருந்து யாரோ என்னைத் தேடி லோரியைத் தட்டினார்கள். வரேன் என்று சைகை காட்டி அனுப்பினேன். மழை கொஞ்சம் வலுத்திருந்தது. எத்தனையோ வருடமாகத் தொண்டையில் நின்றதை அப்போதுதான் கேட்டேன்.

"என் மக பேரு என்னா, புனிதா?"

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"தாமரை," என்றாள்.

நானும் சொல்லிப் பார்த்தேன். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை வந்தது. கூப்பிட நன்றாக இருந்தது. எங்கள் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடிவரை கேட்கும். புனிதா ஒரு வடையை இரண்டாகப் பிய்த்துப் பாதியை என்னிடம் கொடுத்தாள். சாப்பிடாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"தாமரைக்கு இப்ப ஏழு வயசு," என்றேன்.

"ஆமா," என்றாள் புனிதா. "முன்பல்லு ரெண்டும் விழுந்திருக்கும்."